உப்புத்தாள் எழுத்து வகுப்பில் என் மகளுக்கும் ஓர் இடம் கோரும் மனு

அனுப்புநர்
ஆணி, பூட்டு, பெயின்ட் கடை உரிமையாளர்,
பள்ளி வாசலுக்கு எதிர்க்கடை.

பெறுநர்
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பில், மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளைச் சேர்க்க மறுத்தது – மறுசோதனை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தலைச்சுமையாகச் சாமான் விற்றுச் சொந்தக் கடை வைத்தவன். சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. பிழை இருந்தால் பொறுத்தருள்க. எதிரே உள்ள பள்ளியில், எழுத்தை வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கென்று சென்ற ஆண்டு முதல் ஒரு தனி வகுப்பு நடக்கிறது. அந்த அறையின் பெயின்டும் அலமாரியும் கொக்கிகளும் என் கடைச் சரக்கு. அலமாரி பொருத்தும் ஆளுடன் ஒரு நாள் முழுக்க அங்கே இருந்தேன். கண்ணால் கண்டதையே எழுதுகிறேன்.

2. காலையில் போனதும் புத்தகத்தை எடுக்கச் சொல்வதில்லை. அன்றைக்கு எதற்குப் பின் எது என்பது படங்களாகக் கொக்கியில் தொங்குகிறது. முடிந்ததை ஒரு பிள்ளை கழற்றி வைக்கிறது. முதலில் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே அவற்றின் ஒலியைச் சொல்கிறார்கள். மரம் தேய்க்கும் அதே உப்புத்தாள்தான். ஆசிரியை வாங்க வந்த அன்று, "எந்த மரத்துக்கும்மா?" என்று கேட்டேன். "மரத்துக்கு இல்லீங்க, பிள்ளைங்க விரலுக்கு" என்றார். பாடங்கள் சின்னச் சின்னவை. நடுநடுவே எழுந்து நடக்கலாம், குதிக்கலாம். கணக்கைக் கட்டைகளை அடுக்கிப் போடுகிறார்கள். கதையைக் காதில் கேட்டுக்கொண்டே, பெரிய எழுத்தில் இடைவெளி விட்டு அச்சடித்த வரிகளின் மேல் விரல் ஓட்டுகிறார்கள். தானாக முன்வராத பிள்ளையை எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்வதே இல்லை. பலகையைப் பார்த்து வீட்டுப்பாடம் எழுதும் தொல்லையும் இல்லை. ஆசிரியை சொல்வதைப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். கடைசிப் பாடவேளையில் களிமண்ணோ பாட்டோ, அவரவருக்குக் கைவந்த வேலை. மாலையில் அந்தப் பிள்ளைகள் சம்பள நாள் முகத்தோடு வெளியே வருகிறார்கள், ஐயா.

3. அந்த வகுப்பில் என் சகலையின் மகள் இருக்கிறாள். சகலைக்குத் துணிக்கடை. அது எங்கள் மாமனார் வைத்துக் கொடுத்தது. எனக்கு அவர் கொடுத்தது ஆசீர்வாதம். அதைக்கூட விழுங்கிவிட்டேன். இப்போது தினமும் மகளைக் கூட்டிப்போக வருபவர், வண்டியை என் கடை வாசலிலேயே நிறுத்தி, "என்ன சகலை, நம்ம பாப்பா இன்னைக்கு ஒரு பக்கம் தானாவே வாசிச்சுட்டா! உங்க வீட்டு வாயாடி என்ன பண்றா?" என்று விசாரிக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. இதை எழுத்தில் போட எனக்கு வெட்கமில்லை. என் கடை உப்புத்தாளைத் தடவி அவர் மகள் முன்னேறுகிறாள்; என் மகள் சுவருக்கு அந்தப் பக்கம், சாதாரண வகுப்பில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். என் மனைவி தன் சொந்தத் தங்கையோடு பேச்சையே குறைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்தக் குழந்தையின் இடத்தை நான் கேட்கவில்லை. இன்னொரு நாற்காலி கேட்கிறேன்.

4. வாயாடி என்பது என் மகளுக்கு வீட்டில் வைத்த பெயர். ஒருமுறை காதில் விழுந்தது அவளுக்கு மறக்காது. அவள் அம்மா மாலையில் பாடத்தை உரக்கப் படிப்பாள். இவள் கேட்டே முழுப் புத்தகத்தையும் மனதில் ஏற்றிக்கொள்வாள். எழுத்து மட்டும் ஏறாது. இன்று எழுத்துக்கூட்டிய சொல் நாளைக்குப் புதுச் சொல். வகுப்பில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒப்பித்துவிடுவதால் யாருக்கும் தெரியவில்லை. சென்ற மாதம் ஆசிரியர் பலகையில் புதிதாக ஒரு வரி எழுதி வாசிக்கச் சொன்னார். வாய் திறக்காமல் நின்றாள். "பக்கம் பக்கமா வாசிக்கிறவளுக்கு இது வராதா? எல்லாம் திமிரு" என்று பாடவேளை முழுக்க நிற்க வைத்தார்.

5. தனி வகுப்பில் சேர்க்குமுன் ஒரு சோதனை உண்டு. அதற்காக அவளிடம் கொடுத்தது அவளுடைய பாடப்புத்தகத்திலேயே ஒரு பக்கம்! நான் சன்னலோரம் நின்று பார்த்தேன். வாய் கடகடவென்று ஓடி முடிந்தது. விரல் முதல் வரியிலேயே நின்றது. சோதித்தவர் விரலைப் பார்க்காமல், 'வாசிப்பு நன்று' என்று எழுதிவிட்டார். உள்ளே போய் முறையிட்டேன். தலைமையாசிரியை, "பிள்ளை வாசிக்கலைன்னு அழுவுற அப்பாக்களைப் பார்த்திருக்கேன். வாசிக்குதுன்னு சண்டைக்கு வர்ற முதல் ஆள் நீங்கதான். சகலையோட போட்டியா?" என்று கேட்டார். போட்டி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தன் சரக்கில் குறையே இல்லை என்று சாதிப்பதுதான் வியாபாரியின் பழக்கம். குறை இருக்கிறது என்று அவனே வந்து சொன்னால், அதை நம்ப வேண்டாமா?

6. இந்த வகுப்பு வரை வாய்மொழித் தேர்வு. அடுத்த ஆண்டு முதல் எழுத்துத் தேர்வு. அதில் அவள் காது உதவாது. தனி வகுப்புச் சேர்க்கையோ இம்மாதக் கடைசியில் முடிகிறது. நேற்று கடையில் உப்புத்தாள் கட்டைப் பிரித்து, எழுத்தே இல்லாத வெறும் தாளைத் தடவிக்கொண்டிருந்தாள். "அப்பா, நான் நல்லா ஒப்பிக்காம இருந்திருந்தா என்னையும் அங்க விட்டிருப்பாங்களா?" என்று கேட்டாள். விலை கேட்டால் யோசிக்காமல் சொல்பவன் நான். இதற்கு, கடையைப் பூட்டிவிட்டு இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

7. ஆகவே, அவள் இதுவரை காதால் கேட்டிராத ஒரு பக்கத்தைக் கொடுத்து, விரலையும் பார்த்து, மறுபடி சோதிக்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். வேறு தாள் தேடி நாள் கடத்த வேண்டாம். இந்த மனுவையே அவள் கையில் கொடுக்கலாம். அதற்காகவே பெரிய எழுத்தில் தட்டச்சு செய்யச் சொன்னேன், வீட்டில் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. சகலையைப் பற்றிய மூன்றாம் பத்தியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது வீட்டில் நான் தினமும் பேசுவதுதான், பார்க்காமலே ஒப்பித்துவிடுவாள்.

நாள்: ஜூலை 14
இடம்: கடை

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
வாயாடியின் தகப்பன்