சபையில் என் பெயரை வாசிக்க வேண்டாம்

நியாகோரோ கரை,
மழை தவறிய ஆகஸ்ட் மாதம், செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மைத்துனர் தோபியாஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை அப்போண்டியின் கணவன் சிப்ரியன் ஓபுரா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் மொம்பாசாவில் சுகமாக இருக்க வேண்டுகிறேன். துறைமுகத்தில் உங்களுக்கு இரவு வேலை மாறிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்.

சென்ற மாதம் இங்கிருந்து வந்த கடிதம் அப்போண்டி சொல்லச் சொல்ல நான் எழுதியது. எல்லோரும் நலம், கால் தேறி வருகிறது, கர்த்தர் நடத்துகிறார் என்று அதில் இருந்தது. இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது. அவள் மலையடிவாரத்தில் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். அவள் வருவதற்குள் மூத்தவள் அக்கேயோவிடம் கொடுத்து, தபால் பையில் சேர்த்துவிடச் சொல்லுவேன்.

உங்கள் பதில் வந்தது. கால் முடங்கியும் விசுவாசத்தை இழக்காத மாப்பிள்ளை என்று என்னைப் பற்றி உங்கள் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னதாகவும், ஞாயிறுதோறும் என் பெயரை வாசித்து ஜெபிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அப்போண்டிக்கு எழுத்து தெரியாது என்பதால் நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். "வாசிங்க" என்றாள். வாசித்தேன். தலையைக் குனிந்தபடி கேட்டாள். முடிந்ததும், "அண்ணன் சந்தோஷமா இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் இதை எழுதாமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

முதலில் கால். படகைக் கரையேற்றும்போது உருளைக் கட்டை நழுவி, படகு சரிந்து என் தொடைமேல் விழுந்தது உங்களுக்குத் தெரியும். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கோணலாகக் கூடியிருக்கிறது. தடி ஊன்றி வாசல்வரை வருகிறேன். இனிப் படகு ஏற முடியாது என்று மிஷன் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நீ படகில் போகிறவன் அல்லவா என்று கேட்பதுபோல் ஏரி தினமும் வாசலுக்கு எதிரிலேயே கிடக்கிறது.

நான் படகில் போன காலத்தில் என் பங்கு ஓமெனாப் பொடிமீனை அப்போண்டி காயவைத்துச் சந்தையில் விற்பாள். என் பங்கு நின்றதும் அவளும் மற்றப் பெண்களைப்போல் விடியற்காலையில் மீன் அள்ளும் பேசினை எடுத்துக்கொண்டு படகுகளுக்காகக் காத்து நிற்க வேண்டியதாயிற்று. இந்தக் கரையில் இப்போது மீன் கிடைக்கும் விதம் நீங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு வந்த பழக்கம், அதனால் சொல்லுகிறேன். மீன் குறைந்துவிட்டது, வாங்கும் பெண்கள் கூடிவிட்டார்கள். காசு கொடுத்தாலும் பேசின் நிறையாது. படகுக்காரன் எந்தப் பெண்ணை வலைக் குடிசைக்குக் கூப்பிடுகிறானோ, அவள் போய்வந்தால் அவள் பேசின்தான் முதலில் நிறையும். இது எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசமாட்டார்கள்.

அப்போண்டி போகவில்லை. வெறும் பேசினோடு திரும்பி வருவாள். கரையில் பெண்கள், "ஏன்டி அப்போண்டி, உன் ஜெபத்துக்கு மீனு தானா நடந்து வந்து உன் பேசின்ல படுத்துக்கும்னு நிக்கிறியா?" என்று கேட்டுச் சிரிப்பார்களாம். அவினோவின் அம்மா, உங்களுக்குத் தெரிந்தவள்தான், சபையில் பாட்டு எடுத்துக் கொடுப்பவள், அவள் சிரிக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு, "நாங்க என்ன ஆசைப்பட்டா போறோம்? கண்ண மூடிக்கிட்டு பிள்ளைங்கள நெனச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை எல்லாருந்தான் வெள்ளை உடுத்திக்கிட்டு வர்றோம். யாரு கேக்கப் போறா?" என்று சொன்னாளாம். அப்போண்டி இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். நான் அவளைத் தேற்றவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மழை ஏமாற்றியதால் சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகிவிட்டது. ஆடுகள் போய்விட்டன. சின்னவன் ஒதேரோவின் தலைமுடி செம்பட்டையாகிவிட்டது. அது பசியால் வருவது என்று இங்கே தாய்மார் எல்லோருக்கும் தெரியும். அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்போண்டிமேல் கோபம் வரும். என்மேல் அல்ல, கர்த்தர்மேல்கூட அல்ல, அவள்மேல். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

அப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம் ஒயுகி வந்தான். இந்தக் கரையில் பாதிப் படகுகள் அவனுடையவை. பெரிய ஏரி மீன் ஒன்றை வாழை நாரில் கட்டிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். பழைய கதைகளைப் பேசிச் சிரித்தோம். வெகுநாள் கழித்து நான் சிரித்தது அன்றைக்குத்தான். எழுந்து போகும்போது, "உன் வீட்டுக்காரி வெயில்ல நின்னு நின்னு வெறுங்கையோட போறா. பாக்கவே கஷ்டமா இருக்கு, சிப்ரியன். காலையில வலைக் குடிசைக்கு வரச் சொல்லு. தினமும் பேசின் நெறையும். நீ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டியே?" என்று கேட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நெனைக்க என்ன இருக்கு?" என்றேன்.

அந்த மீனை அப்போண்டிதான் சமைத்தாள். பிள்ளைகள் களியோடு வயிறு முட்டத் தின்றார்கள். நானும் தின்றேன். வயிறு சரியில்லை என்று சொல்லி அவள் தொடவில்லை. பிள்ளைகள் வெளியே போனதும் ஒயுகி சொன்னதை அவளிடம் சொன்னேன்.

"குடிசைக்கா?" என்றாள். பிறகு, "நீங்களா சொல்றீங்க, அக்கேயோ அப்பா?" என்றாள்.

மீன் வாங்கிவரத்தான் சொல்லுகிறேன் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் சும்மா இருந்திருக்கலாம். நான் இருக்கவில்லை. "கர்த்தர் நம்ம கஷ்டத்தப் பாத்துக்கிட்டுத்தானே இருக்காரு. பிள்ளைங்க பசிக்காகப் பண்றத அவரு பெருசா எடுத்துக்க மாட்டாரு" என்றேன். சபையில் ஜெபம் நடத்திய வாய் இது. எவனும் தன் வீட்டில் செய்யத் துணியாததை அவர் பெயரைச் சொல்லியே செய்தேன்.

அவள் சட்டியை எடுத்துக் கழுவப் போனாள். விடிந்ததும் குளித்தாள். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பிய நீலக் கவுனை எடுத்து உடுத்திக்கொண்டாள். என் பக்கம் திரும்பாமல் பேசினை எடுத்துக்கொண்டு போனாள். நான் தூங்குவதுபோல் கிடந்தேன். அக்கேயோ எழுந்து வந்து, "அம்மா எங்கப்பா?" என்று கேட்டாள். மீன் வாங்கப் போயிருக்கிறாள் என்றேன். "மீன் வாங்கவா? அந்த நீல கவுன போட்டுக்கிட்டா?" என்று கேட்டாள். அவளுக்குப் பத்து வயதாகிறது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அவள் திரும்பி வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கவுன் முழுக்கச் சாம்பல் நிறத்தில் தூசி. கையில் துணி சுற்றியிருந்தது, துணியில் ரத்தம். பேசினில் கொஞ்சம் மரவள்ளி மாவு இருந்தது. மைத்துனரே, அந்தக் கோலத்தில் அவளைப் பார்த்து நான் கேட்ட முதல் கேள்வி, "மீன் எங்க?" என்பது.

அவள் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள். கத்தவில்லை, அழவில்லை. குடிசை வாசல்வரை போனதாகச் சொன்னாள். ஒயுகி அவள் பேசினை வாங்கி முதலிலேயே மீனால் நிறைத்துவிட்டானாம். பேசினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாளாம். "உங்க மேல மட்டும் பழி போட மாட்டேன். ஒரே ஒரு தடவ போயிட்டு வந்திரலாம்னு நானுந்தான் நெனச்சேன். ஒதேரோ கண்ணு முன்னால வந்து நின்னான். ஜெபம் பண்ணலாம்னு பாத்தா ஒரு வார்த்தையும் வரல. 'ஆண்டவரே, நான் இங்க நிக்கிறேன்'னு மட்டும் சொன்னேன். அவருக்குத் தெரியாதா என்ன, இருந்தாலும் சொன்னேன். அப்புறம் மீன அவன் வலையிலயே கொட்டிட்டேன். அவன் சிரிச்சான். 'நாளைக்கு வருவ'ன்னான். திரும்பிப் பாக்காம மலைப்பக்கம் நடந்துட்டேன்."

மலையடிவாரத்தில் ரோடு போடுவதற்காக ஜல்லி உடைக்கிறார்கள். ஆண்களே இரண்டு நாள் செய்துவிட்டு ஓடிவிடும் வேலை. நீலக் கவுனோடு போய் நின்றவளைப் பார்த்து மேஸ்திரி, "கல்யாணத்துக்கு வழி தவறி வந்துட்டியாம்மா?" என்று கேட்டானாம். இவள் சுத்தியலைக் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அதுதான் வேலை. ஒயுகி கரையில் என்ன சொல்லி வைத்தானோ, இப்போது எந்தப் படகும் அவளுக்கு ஒரு கை மீன்கூடக் கொடுக்காது. பரிசுத்தவதி போகிறாள் பார் என்று சிரிக்கிறார்கள். கூலி மாவுக்குச் சரியாகப் போகிறது. மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒதேரோவுக்குப் பால்மாவு கொடுத்திருக்கிறார். அவன் கொஞ்சம் எழுந்து உட்காருகிறான், ஆனால் முடி இன்னும் கறுக்கவில்லை. பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை என்பதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன். ஒன்று மட்டும் நடந்தது. சென்ற வாரம் அவினோவின் அம்மா எங்கள் வாசலில் வந்து வெகுநேரம் நின்றாள். பிறகு அப்போண்டியிடம், "அந்தக் கல்லு உடைக்கிற எடத்துல இன்னொருத்திக்கு வேலை இருக்குமாடி?" என்று கேட்டாள். மறுநாள் இருவரும் சேர்ந்து போனார்கள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கிக்கொள்வேன். திட்டவில்லை. வேலையிலிருந்து வந்து, கொப்புளம் வெடித்த கையால் என் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாள். அக்கேயோ அப்பா என்றுதான் இப்போதும் கூப்பிடுகிறாள். சாப்பாட்டுக்கு முன் முன்புபோலவே, "ஜெபம் பண்ணுங்க" என்கிறாள். கண்ணை மூடுகிறேன். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. யாரிடம் பேசுவது, எந்த முகத்தோடு பேசுவது? களி ஆறிப்போகிறதே என்று அக்கேயோ தானாகவே ஜெபிக்கத் தொடங்கிவிட்டாள். இப்போது எங்கள் வீட்டில் தினமும் அவள்தான் ஜெபிக்கிறாள்.

ஆகவே, மைத்துனரே, உங்களை வேண்டிக்கொள்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சபையில் என் பெயரை வாசிக்க வேண்டாம். நீங்கள் சொன்ன சாட்சி தவறு என்று எழுந்து நின்று சொல்ல உங்களுக்கு வெட்கமாக இருக்கும். அந்த வெட்கம் என்னுடையது. பெயரை மாற்றிவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள். அப்போண்டி என்று வாசியுங்கள். ஏன் என்று யாராவது கேட்டால், வலைக் குடிசை வாசல்வரை தனியாகப் போய், தனியாகவே திரும்பி வந்த ஒருத்தி என்று சொல்லுங்கள்.

டிசம்பரில் விடுமுறைக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்த பிறகு அதற்கு முன்பே வந்தாலும் வரலாம். தங்கையையும் பிள்ளைகளையும் உங்களோடு அழைத்துப் போக நினைத்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன், நிற்க எனக்குக் காலும் இல்லை, வாயும் இல்லை. அவள் வர விரும்பினால் வரட்டும். அவளிடம் நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தினமும் கேட்க நினைக்கிறேன், அவள் கையைப் பார்த்ததும் தடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறேன். ஒருவேளை நீங்கள் கூட இருந்தால் கேட்பேனோ என்னவோ.

வரும்போது வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவள் வந்து கதவைத் திறப்பாள். அவரும் உள்ளேதான் இருக்கிறார், வாங்க அண்ணா என்று அவள் சொன்னால், உள்ளே வாருங்கள். சொல்லாவிட்டால், என்னைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்காமல், அவள் சொல்கிறபடி செய்யுங்கள்.

கர்த்தர் உங்கள் வீட்டையும் உங்கள் பிள்ளைகளையும் எந்தக் குறைவும் இல்லாமல் காப்பாராக. எனக்காக ஜெபிக்கும்படி கேட்க நாக்கு எழவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் வீட்டில் இருக்கும்
சிப்ரியன் ஓபுரா