திரையில் நீ பேசியது

ஜனவரி 12

அன்புள்ள வாயாடித் தங்கைக்கு,

நேற்று உன் ஊமைப்படம் இங்கே வந்தது. தையல் கடையில் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். நீ கதாநாயகனைப் பிரியும் கட்டத்தில் கொட்டகையே மூக்கைச் சிந்தியது. "நீங்கள் இல்லாத உலகம் எனக்கு எதற்கு?" என்று திரையில் எழுத்து வந்தது. ஆனால் உன் உதடு சொன்னது அதுவா? "ஐயா, என் காலை மிதிச்சுக்கிட்டு நிக்கிறீங்க"ன்னுதானே சொன்னே? நான் மட்டும் சிரித்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் என்னை முறைத்தாள்.

எட்டு வயதில் காய்ச்சலில் காது போனதிலிருந்து பிறர் உதட்டைப் பார்த்தே பிழைக்கிறவள் நான். என்னிடமே மறைப்பாயா? எல்லாப் படத்திலும் இப்படித்தானா? ஏன் இப்படி இளைத்திருக்கிறாய்? உடனே எழுது.

உன் அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

கையும் களவுமாகப் பிடித்துவிட்டாயே! "வாயை அசைச்சாப் போதும்மா, என்னத்தையாவது சொல்லு" என்பார் டைரக்டர். நானும் சொல்லிவைப்பேன். இனி ஒவ்வொரு படத்திலும் உனக்கென்று ஏதாவது சொல்கிறேன், கண்டுபிடி பார்க்கலாம். இளைத்தது விளக்குச் சூட்டினால்தான். கவலைப்படாதே.

உன் வாயாடி

மே 20

என் செல்லத் தங்கைக்கு,

ராணி வேஷப் படத்தில் "அக்கா, இந்த நகை எல்லாம் தகரம்" என்றாய். சரிதானே? ஆனால் கப்பல் படத்தில் என்ன சொன்னாய்? பாதியில் முகத்தைத் திருப்பிக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாய். தோள் இரண்டும் குலுங்கின. எழுத்தில் "அவள் அழுகிறாள்" என்று போட்டார்கள். நீ அழுதால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அது இருமல்தானே? நான் கிளம்பி வரட்டுமா? மழுப்பாமல் பதில் போடு.

உன் அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வெறும் சளிதான். டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார். எனக்கு மூச்சுவிட நேரமில்லை, இப்போது வராதே. புதுப் படத்தில் நான் சாகிறேன். மூன்று நாள் கட்டிலில் படுத்தே கிடந்தேன். இவ்வளவு சுகமான வேலை யாருக்குக் கிடைக்கும்! அதில் உனக்கு ஒன்று சொல்லியிருக்கிறேன். படம் வரும்போது பார்.

உன் வாயாடி

டிசம்பர் 2

என் கண்ணே,

எங்கே அனுப்புவது என்று தெரியாமலே எழுதுகிறேன். ஜூலையில் தந்தி வந்து நான் ஓடி வருவதற்குள் உன்னை அடக்கம் செய்துவிட்டார்கள். இருபத்தாறு வயசு சாகிற வயசா?

அந்தப் படம் நேற்றுத்தான் இங்கே வந்தது. "நான் நிம்மதியாகப் போகிறேன்" என்று எழுத்து போட்டார்கள். உன் உதடு சொன்னதை நான் மட்டும்தான் படித்தேன். "அக்கா, இது சளி இல்லை. ரத்தமா வருது. பயமா இருக்கு. கடுதாசியில எழுத மனசு வரலை. நீ வந்துடு."

ஜூனில் கூப்பிட்டிருக்கிறாய், எனக்கு டிசம்பரில் தெரிகிறது. அப்படி என்னடி வீம்பு உனக்கு? வராதே என்று எழுதினாய், நானும் பைத்தியக்காரி மாதிரி உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். உன்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம்.

தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடியும் டிக்கெட் வாங்கிப் பார்த்தேன். அதையேதான் சொன்னாய். மூன்றாவது ஆட்டத்தில் என்னை அடக்க முடியவில்லை. "வரேன்டி, இதோ வந்துட்டேன்டி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நான் வாய் திறந்து பேசி எத்தனையோ வருஷம் ஆகிறது. எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உன் அக்கா