பென்சிலால் திகதி போட்ட முட்டைகள்

இஞ்சருங்கோ,

நான் பண்டத்தரிப்புக்கு, அம்மா அப்பாவைப் பாக்கப் போறன். பின்னேரம் வந்திடுவன். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் குசினியிலை மூடி வைச்சிருக்கு. கோபிகா ரியூசனாலை வந்த உடனை சாப்பிடச் சொல்லுங்கோ. சொல்லாட்டி ஃபோனோடை இருந்திடுவாள்.

"மாசத்திலை ஒருக்காப் போனாக் காணும்" எண்டு நேற்றுச் சொன்னியள். கோவமில்லை. ஆனா நாங்கள் போய் ரண்டு மாசம்.

முந்தநாள் அம்மா அப்பாவின்ரை பக்கத்துவீட்டுக் குகன் அண்ணை கொண்டுவந்து தந்த பெட்டியை நீங்கள் திறந்தும் பாக்கேல்லை. அதுக்குள்ளை அவையின்ரை கோழியள் இட்ட முட்டை. நாங்கள் வந்தாத் தரவெண்டு, தாங்கள் ஒண்டும் தின்னாமல் சேர்த்து வைச்சதாம். ஒவ்வொண்டிலையும் அப்பா பென்சிலாலை திகதி எழுதியிருக்கிறார்.

காலமை எல்லாத்தையும் தண்ணிக்குள்ளை போட்டுப் பாத்தன். இருபத்தாறு மிதந்தது. அந்தப் பழுதானதுகளைக் கிணத்தடியிலை கிடங்கு வெட்டித் தாட்டிட்டன். அடியிலை கிடந்த பத்தும் கோப்பையிலை இருக்கு. இரவைக்குப் பொரியுங்கோ.

சுகந்தி

கதவைப் பூட்டிட்டன்; திறப்பு வழமையான இடத்திலை.

அம்மா ஃபோன் எடுத்தா, எல்லா முட்டையும் நல்லாயிருந்தது எண்டு சொல்லுங்கோ.

இன்னொண்டு. மிதக்காத பத்தின்ரை திகதியையும் பாத்தன். எல்லாம் கடைசி ரண்டு கிழமைக்குள்ளை இட்டது. முட்டை ஒரு மாசம் தாங்காது. இனி நான் ரண்டு கிழமைக்கு ஒருக்காப் போவன். நீங்கள் வாறதெண்டா வாங்கோ.