அடுப்பு மூட்டாத நாள்

வன்கூவர்
12 நவம்பர் 2006

அன்புள்ள அம்மாவுக்கு,

ரெலிபோன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. மெலனி எடுத்து, "அம்மாவுக்குக் கடிதம் போடுங்கோ அண்ணை, அவ வாசிப்பா" என்கிறாள். தங்கச்சி சொன்னால் மறுப்பேது? இந்தக் காலத்திலும் முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழைகளுக்கு ஆனந்தராசா மாஸ்டரின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிதான் பொறுப்பு.

இங்கே ஒரே மழை. பனியைக் கண்ணால் காணவில்லை. தை மாதம் உங்கள் அறுபதாவது பிறந்தநாளுக்கு வருவேன். கோயில் மண்டபத்தில் நான்தான் பேச வேண்டுமாம். யோசிக்கவே இல்லை, எண்பத்தெட்டாம் ஆண்டுப் பனி நாளைத்தான் சொல்லப்போகிறேன். எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் இல்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். அப்பாவும் வேலைக்குப் போகவில்லை. நீங்கள் சமைக்கவே இல்லை! அப்பா முழங்கால் பனியில் தெரு மூலை டெப்பனூர்க் கடைக்கு நடந்துபோய்ப் பாணும் ஜாமும் சிப்ஸும் வாங்கி வந்தார். மூன்று வேளையும் அதுதான். எனக்கும் மெலனிக்கும் நத்தார்ப் பண்டிகை வந்த மாதிரி.

பனியை ஒருநாளும் தொடாத நீங்கள் அப்பாவின் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, நாங்கள் செய்த பனிப் பொம்மையைக் கட்டிப்பிடித்துக் கண்ணீர் வரச் சிரித்தீர்கள். பொம்மைக்கு எங்கள் மூத்தவர் ஜெனாட் அண்ணையின் பெயர்தான் வைத்தோம். மன்னாரிலிருந்து அவர் எப்போது வருவார் என்று காத்திருந்த காலம். பாவம், அந்த ஞாயிறுதானே பங்குச் சுவாமியார் வீட்டுக்கு வந்து அண்ணை இறந்துவிட்டார் என்று சொன்னார். அதற்கு முந்திய அந்தப் பனி நாள்தான் எங்கள் வீட்டின் கடைசிச் சந்தோசம். என்னென்ன விட்டுவிட்டேன் என்று எழுதுங்கள்.

உங்கள் செல்ல மகன்,
அனுஜன்


சென்ட் லோரன்ட்
28 நவம்பர் 2006

என் ராசா அனுஜனுக்கு,

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். எனக்கு முழங்கால் நோவைத் தவிர வேறு குறை இல்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? மெலனி அனுப்பிய படத்தில் மெலிந்துபோய் இருக்கிறாய்.

மண்டபத்தில் அந்தக் கதை வேண்டாம். நீ மெற்றோவில் நித்திரையாகிக் கடைசித் தரிப்பில் போய் இறங்கிய கதையைச் சொல்லு, சனம் சிரிக்கும். அப்பா போய் இரண்டு வருசம்தான். அவர் பேர் வந்தால் நான் அழுதுவிடுவேன். அம்மா சொல்லைக் கேள்.

அன்புடன்,
அம்மா


வன்கூவர்
29 ஜனவரி 2007

அம்மாவுக்கு,

சொல்லாமல் விமானம் ஏறியது பிழைதான். ஆனால் நீங்கள் செய்தது?

வேண்டாம் என்று எழுதினீர்கள், கேட்காமல் சொன்னேன். அம்மா கொஞ்சம் அழுவா, பேந்து சிரிப்பா என்று நினைத்தேன். கதை முடிந்து, தட்டில் பாணும் ஜாமும் சிப்ஸும் கொண்டுவந்து ஒரு துண்டை உங்கள் வாயருகே பிடித்தேன். நூற்றைம்பது பேர் கைதட்டினார்கள். நீங்கள் தட்டைத் தட்டிவிட்டு, "கொண்டுபோ இதை" என்று கத்தினீர்கள். திரேசம்மா அன்ரியின் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டீர்கள். நான் வந்து தட்டியபோது அறைக் கதவைக்கூடத் திறக்கவில்லை. எனக்கு எவ்வளவு வெட்கம் தெரியுமா?

அவ்வளவு பேருக்கு முன்னால் உங்களை நேசித்ததா நான் செய்த குற்றம்? காரணம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இனி அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்.

அனுஜன்


சென்ட் லோரன்ட்
11 பெப்ரவரி 2007

என் ராசாவுக்கு,

இதை எழுதி எழுதிக் கிழித்தேன். எழுதினால் உன்னுடைய அந்த நாள் போய்விடும். எழுதாவிட்டால் நீ போய்விடுவாய். எனக்கு நீ வேண்டும்.

அண்ணையின் செய்தி ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அந்தப் பனி நாள், வியாழன் காலை, நீங்கள் எழும்ப முதல், ஞானேந்திரன் மாமா மன்னாரிலிருந்து கொழும்புக்கு வந்து ரெலிபோன் எடுத்தார். அண்ணை போன பஸ் கண்ணிவெடியில் அகப்பட்டதாம். அடக்கமும் முடிந்துவிட்டதாம். நான் கத்த வாய் திறந்தேன். அப்பா கையால் பொத்தினார். அந்த நேரம் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் இல்லை என்று கட்டிலில் துள்ளுகிறீர்கள்.

றோட்டெல்லாம் பனி மூடிக் கிடந்தது. சுவாமியாராலும் வர முடியாது, ஒரு சனமும் வர முடியாது. அப்பா சொன்னார்: "செலீன், இண்டைக்குச் சொல்ல வேண்டாம். இதுகள் ரெண்டும் ஒரு நாளைக்காவது சிரிக்கட்டும். பேந்து சொல்லுவம்."

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. ஊரென்றால் அயலவர் சமைத்துக் கொண்டுவருவார்கள். இங்கே யார் வருவார்? அதுதான் பாண் வாங்கினோம். என் பிள்ளையின் செத்தவீட்டுச் சாப்பாடு அது. பிறந்தநாளில் அதை நீ என் வாயருகே கொண்டுவந்தபோது எனக்கு அறிவு கெட்டுப்போனது.

நீங்கள் பொம்மைக்கு அவன் பேரைச் சொன்னதும் என்னால் தாங்க முடியவில்லை. அவனைக் கட்டிப்பிடிக்க எனக்குக் கிடைக்கவில்லை. நான் சிரிக்கவில்லை, ராசா.

அன்றைக்கு எங்களால் காப்பாற்ற முடிந்தது உங்கள் இரண்டு பேரின் சிரிப்பை மட்டும்தான். பத்தொன்பது வருசம் வைத்திருந்ததை இப்போது நானே பறித்துவிட்டேன். மெலனிக்குச் சொல்லாதே.

அம்மா


வன்கூவர்
25 பெப்ரவரி 2007

அம்மா,

கடிதத்தை வேலையிடத்தில் பிரித்துவிட்டேன். கழிவறைக்குள் போய் இருந்து அழுதேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தமிழும் போதாது, பிரெஞ்சும் போதாது.

உயிர்த்த ஞாயிற்றுக்கு வருகிறேன். மெலனிக்குச் சொல்ல மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அன்று பின்னேரம் நாலு பேரும் ஒரே கட்டிலில் போர்வைக்குள் கிடந்தோம். நான் உங்களிடம், "அம்மா, நாளைக்கும் இப்பிடியே இருப்பமா? நெடுகலும் இப்பிடி இருக்க ஏலாதா?" என்று கேட்டேன். கேட்டது நினைவிருக்கிறது. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது நினைவில்லை.

அனுஜன்


சென்ட் லோரன்ட்
10 மார்ச் 2007

என் ராசாவுக்கு,

நீ வருகிறாய் என்றதும் மெலனி உன் அறையைக் கூட்டித் துடைத்துவிட்டாள். வாசலில் இன்னும் பனி கிடக்கிறது. நல்ல சப்பாத்தாகப் போட்டுக்கொண்டு வா.

நீ அப்படிக் கேட்டதும் அப்பா எழும்பி அங்கால் போய்விட்டார். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன் தலையைத் தடவி, "ஓம் ராசா, இருப்பம்" என்று சொன்னேன்.

அம்மா