வெண்டலுக்கு நான் எழுதிய அட்டைகள்

ஜனவரி 14, திங்கள்

இன்று நாற்பத்தெட்டு அட்டை. ஒன்றில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. பதினொரு வருஷமாக வெண்டல் ஹார்க்னஸ் தன் நிகழ்ச்சியில் சொல்லும் நகைச்சுவையெல்லாம் என் கையெழுத்தில்தான் அவர் கண்ணுக்குப் போகிறது. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அட்டையைப் பிடிப்பேன். அவர் வாசிக்கிறார் என்பது வீட்டில் பார்க்கிற யாருக்கும் தெரியாது. எங்கே மூச்சு வாங்குவார், சிரிப்புக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பதெல்லாம் அவர் மனைவியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நாடு பார்ப்பது இரவு பதினொன்றரைக்கு. நாங்கள் மாலை ஐந்தரைக்கே பதிவு செய்துவிடுவோம். ஏழரைக்கு நான் குவீன்ஸில் வீட்டில் சூப் குடித்துக்கொண்டிருப்பேன்.

எழுத்தைக் கொஞ்சம் பெரிசாகப் போடச் சொன்னார். புது விளக்கு கண்ணைக் கூசுகிறதாம். போட்டேன்.

ஜனவரி 29, செவ்வாய்

இன்னும் பெரிசாக வேண்டுமாம். ஒரு அட்டையில் இப்போது நாலே வார்த்தை. மொத்தம் நூற்றுப்பத்து அட்டை. தோள்பட்டை கழன்றுவிட்டது. விளக்காம் விளக்கு — யாருக்குக் காது குத்துகிறார்?

பிப்ரவரி 12, செவ்வாய்

ஒப்பனை அறையில் அவர் தனியாக இருந்த நேரம் பார்த்துக் கேட்டுவிட்டேன். எழுந்து கதவைச் சாத்தினார். அப்புறம் சொன்னார்: “நடுவுல ஒரு கறுப்புப் பொட்டு, நோரீன். சுத்தி எல்லாம் தெரியுது. நான் எதைப் பாக்குறேனோ அது மட்டும் தெரியல.” கோடையிலிருந்தே இருக்கிறதாம். இது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கிறார்கள். அதுவரை யாருக்கும் தெரியக்கூடாது.

சரி என்றேன். இதெல்லாம் எனக்கு ஒரு பெரிய வேலையா?

பிப்ரவரி 14, வியாழன்

நேற்றிலிருந்து மூன்று மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு நான் வாசிக்கிறேன், அவர் மனப்பாடம் செய்கிறார். இரண்டு தடவை கேட்டால் போதும், பிடித்துக்கொள்கிறார். யாருக்கும் சந்தேகம் வராமலிருக்க, மேடை நேரத்தில் அட்டையை வழக்கம்போல் பிடித்து நிற்கிறேன். எழுத்தாளர்கள் அனுப்பியது: “அறிவிப்பு தாமதமாக வந்தது, சுரங்க ரயில் தாமதம் என்று.” எனக்குப் பொறுக்கவில்லை. “ரயில் தாமதம்னு அறிவிப்பு வந்துச்சு. அதுவும் தாமதமாத்தான் வந்துச்சு” என்று வாசித்தேன். அவர் தலையை நிமிர்த்தினார். அப்படியே சொன்னார். அரங்கம் அதிர்ந்தது.

பிப்ரவரி 20, புதன்

என் தப்பு. என் தப்புதான்.

விருந்தினராக வரவேண்டிய சமையல்காரி விமானத்தைத் தவறவிட்டாள். அவள் இடத்தில், ஓய்வுபெற்ற விண்வெளி வீராங்கனை ஒருவரைக் கடைசிப் பத்து நிமிடத்தில் பிடித்தார்கள். புது அறிமுகத்தை அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அவசரத்தில் பழக்கதோஷம் — அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஓடிப் போய்க் காதில் சொல்ல வேண்டாமா? அவர் மனப்பாடம் செய்ததையே சொன்னார். இவங்க கை பட்டா முட்டையும் பாட்டுப் பாடும் என்று. அந்த அம்மா மரியாதையாக, “மேலே நாங்க முட்டை பொரிச்சதில்ல” என்றார். வெண்டல் முகத்தில் ரத்தம் இல்லை.

திரும்பப் பதிவு செய்தோம். ஆனால் அரங்கில் இருநூறு பேர், இருநூறு கைபேசி.

பிப்ரவரி 21, வியாழன்

குடித்துவிட்டு மேடையேறினார் என்று ஊரெல்லாம் பேச்சு. தயாரிப்பாளர் இலானா என்னைக் கூப்பிட்டாள். குடித்திருந்தாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்போ என்ன என்றாள். அதை அவரிடமே கேள் என்று எழுந்து வந்துவிட்டேன்.

நேரே அவர் அறைக்குப் போனேன். குடி என்றே இருக்கட்டுமாம்!

“குடிகாரன்னா ஒரு மாசம் எங்கயாவது போய்ட்டு வந்தா மன்னிச்சிடுவாங்க. கண்ணுன்னா மன்னிக்க என்ன இருக்கு? வேற ஆளைத் தேடுவாங்க.”

எனக்கு வந்ததே கோபம். “உங்களுக்காக மறைச்சேன். இனி பொய்யும் சொல்லணும்னா என்னால ஆகாது. கண்ணு போனா போகுது, வாய் இருக்குல்ல? நீங்களே சொல்லுங்க.”

“அதுல சிரிக்க என்ன இருக்கு?”

“தேடுற பொருள் மட்டும் கண்ணுக்குத் தெரியல, அதானே? ஃபிரிட்ஜ்ல வெண்ணெய் தேடுற ஒவ்வொரு புருஷனுக்கும் அந்த வியாதிதான்.”

சிரிக்கவில்லை. பென்சில் கேட்டார். அப்புறம், எழுதினால் படிக்கவா முடியும் என்று அவரே கீழே வைத்துவிட்டார்.

பிப்ரவரி 25, திங்கள்

காலையில் இலானாவிடம் சொல்லிவிட்டார். மாலையில் மேடையில் சொன்னார். ஒரு அட்டை கிடையாது. நான் வெறுங்கையோடு கேமராவுக்குப் பக்கத்தில் நின்றேன், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல். பொட்டைப் பற்றிச் சொன்னபோது அரங்கில் இருமல்கூட இல்லை. பிறகு வெண்ணெய். முதலில் பெண்கள் சிரித்தார்கள், அப்புறம் எல்லோரும். அவர் காத்திருந்தார் — எனக்குத் தெரிந்ததைவிட இரண்டு நொடி அதிகமாக. “நான் குடிக்கலை. ஆனா இந்த வாரம் நடந்ததுக்கு, குடிச்சிருக்கலாம்.”

ஆறு நிமிடம். பதினொரு வருஷத்தில் இப்படி அவர் ஜனங்களின் பக்கம் திரும்பி நின்று பேசி நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 26, செவ்வாய்

அந்த வெண்ணெய் வரி யாருடையது என்று எழுத்தாளர்கள் அறையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்களாம். வெண்டல் என் பேரைச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 19, செவ்வாய்

வெண்டல் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். எங்கே போடவேண்டும் என்று இலானா விரல் வைத்துக் காட்டினாளாம்.

ஏப்ரல் 8, திங்கள்

இன்றிலிருந்து எனக்கு எழுத்தாளர்கள் அறையில்தான் வேலை. ஏழு ஆண்களும் நானும். என் நாற்காலி ஒரு பக்கம் சாய்கிறது, பரவாயில்லை. மூன்று நகைச்சுவை எழுதிக் கொடுத்தேன். இரண்டு ஒத்திகையிலேயே செத்தன. ஒன்று பிழைத்தது.

மாற்றம் ஏதாவது வந்தால் அவர் காதில் சொல்ல இப்போது ஆள் இருக்கிறது. கீழே அரங்கில் எனக்கு வேலை இல்லை. அதனால் ஐந்தரைக்கு ஜனங்களோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என் வரி வந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் தாமதமாகச் சிரித்தார். பிறகு மனைவியின் காதருகே குனிந்து அதை விளக்கினார், முழுக்கத் தப்பாக.

நான் திருத்தவில்லை. அந்த அம்மாவும் சிரித்தாள்.