இரண்டாம் கியரின் உடைந்த பல்

போடிநாயக்கனூர்
ஆடி 5

அன்பு மகன் ராஜ்கமலுக்கு அப்பா ஜக்கையன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறோம். சுகத்தை எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பதால் எழுதிவிட்டேன், மற்றபடி பத்து நாளாக இந்த வீட்டில் யாருக்கும் சோறு சரியாக இறங்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், போனில் பேசினால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்பாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். டிரிப் சீட்டைத் தவிர வேறு எதையும் எழுதிப் பல வருஷம் ஆன கை, எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

உன் தங்கை முனீஸ்வரி தேனியில் நன்றாக இருக்கிறாள், பேத்தி நிலா நாலாம் வகுப்புப் போய்விட்டாள், கேள்வி கேட்டே ஆளைக் கொல்கிறாள். சிலமலைத் தோட்டத்தில் கிணறு பாதி ஏறியிருக்கிறது. தேவாரம் பக்கம் யானை இறங்கி உன் பெரியம்மா வீட்டு வாழையை மிதித்துவிட்டுப் போயிருக்கிறது, வனத்துறை ஆள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனதோடு சரி. மலையில் மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, ஏலக்காய்ப் பறிப்பு தொடங்கிவிட்டதால் விடிவதற்குள் லேபர் ஜீப்புகள் வரிசையாக ஏறுகின்றன. இந்த நேரத்தில்தான் நம் காருக்கு ஓட்டம் இருக்கும், வியாபாரிகள் பூப்பாறை, நெடுங்கண்டம் என்று கூப்பிட்டபடி இருப்பார்கள், ஆனால் நான் வீட்டில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கார் மாரீஸ்வரன் வீட்டு முற்றத்தில் வயிறு பிரிந்து கிடக்கிறது. மாரீஸ்வரன் என்ற பெயரைப் பார்த்ததும் உனக்கு என்ன ஆகிறது என்று பார்க்க நான் பக்கத்தில் இல்லையே என்று இருக்கிறது.

போன வருஷம் பங்குனியில் நீ லீவில் வந்துவிட்டுப் போன மறுவாரம் வண்டியில் ஒரு சத்தம் கேட்டது ஞாபகம் இருக்கிறதா. மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் கர்ரென்று அரைக்கும், மலையேறும்போது இரண்டாம் கியர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடும். உனக்குப் போன் போட்டுக் கேட்டேன். நீ கொஞ்சமும் தயங்காமல், "ஆயில் மாத்துன பெறகுதானப்பா சத்தம், மாரீஸ்வரண்ணே மட்டமான ஆயில ஊத்தி விட்டிருப்பாரு" என்றாய். நீ வருவதற்கு நாலு நாள் முன்னால்தான் அவன் கியர் ஆயில் மாற்றியிருந்தான், அதனால் கணக்கு ஒத்துப்போனது. அத்தோடு விட்டாயா, "ஸ்டாண்டு குரூப்புல போடுங்கப்பா, மத்தவங்களாச்சும் தப்பிக்கட்டும்" என்றும் சொன்னாய். நான் நம் கார் ஸ்டாண்டுச் செயலாளர், என் வார்த்தைக்கு அங்கே ஒரு மதிப்பு உண்டு. அவன் பட்டறைக்கே போய் நாலு டிரைவர்கள் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசினேன். குரூப்பிலும் என் குரலிலேயே, மாரியிடம் இனிமேல் வண்டி விடாதீர்கள் என்று போட்டேன். அவன் பழந்துணியில் கையைத் துடைத்தபடி, "வண்டிய விட்டுட்டுப் போங்கண்ணே, தெறந்து பாத்துச் சொல்றேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். என் வண்டியில் இனி உன் கை படக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். நானும் அவனும் ஒரே ஜீப்பில் மாற்றி மாற்றி ஓட்டியவர்கள், உன் தங்கை கல்யாணத்துக்குப் பந்தல்கால் ஊன்றியவன் அவன். என் மகன் சொல்லிவிட்டான் என்ற ஒரே காரணத்துக்காக அத்தனையையும் தூக்கி எறிந்தேன்.

பிறகு தேனியில் ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனேன். கிளட்ச் தட்டுப் போய்விட்டது என்று மாற்றினார்கள், கியர் துள்ளுவது நிற்கவில்லை. எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் என்றார்கள், அதையும் மாற்றினோம். கியர்க் கம்பி புஷ் என்றார்கள், டீசல் பில்டர் என்றார்கள், ஆளுக்கொரு பேச்சு. ஒருத்தரும் கியர்ப்பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. கடைசியில் வண்டிக்கு வயசாகிவிட்டது, விற்றுவிடுங்கள் என்றார்கள், நீயும் போனில் அதையே சொன்னாய். வயசான வண்டி மேல் எந்தப் பழியையும் போடலாம், அது வாய் திறந்து பேசப் போவதில்லை. நான் விற்கவில்லை. இரண்டாம் கியர் துள்ளாமல் இருக்க இடது கையால் கம்பியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் போடிமெட்டு ஏறினேன். தோள்பட்டை விட்டுப்போனது. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நீங்க ஓட்டுங்க நான் பிடிச்சுக்கிறேன் என்று இரண்டு கையாலும் அந்தக் கம்பியை அமுக்கிக்கொண்டே வருவாள். என்மேல் இவளுக்கு இவ்வளவு கரிசனமா என்று நினைத்து நான் உருகிப்போனேன். நான் எவ்வளவு பெரிய கிறுக்கன் என்று மேலே படித்தால் உனக்கே தெரியும்.

சவாரிக்குப் போகும்போது பிடிக்க ஆள் இல்லை, அதனால் மலை முழுக்க முதல் கியரிலேயே ஏறப் பழகிக்கொண்டேன். அதுதான் எஞ்சினுக்கும் எமனாக வந்தது. முதல் கியரில் மணிக்கணக்கில் கத்திக்கொண்டே ஏறினால் எந்த எஞ்சின் தாங்கும். இரண்டு தடவை தண்ணீர் கொதித்தது, ஆறவிட்டு ஊற்றிக்கொண்டு ஓட்டினேன். ஆனி கடைசியில் பூப்பாறையில் ஒரு விசேஷத்துக்கு அம்மாவோடு கிளம்பினேன், பதினோராம் வளைவு தாண்டியதும் பின்னால் வெள்ளைப் புகை, சூடு காட்டும் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது, வண்டி அப்படியே நின்றுவிட்டது. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தது. ஹெட் கேஸ்கட் போய்த் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டது என்று புரிந்தது. தூறல் வேறு. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு நின்றோம். நம் ஸ்டாண்டு வண்டியே இரண்டு எங்களைத் தாண்டிப் போனது, அவசரம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்கள். மேலேயிருந்து லேபர் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு ஜீப்பு மட்டும் நின்றது. ஓட்டி வந்தவன் மாரீஸ்வரன்.

அவன் ஏன் லேபர் ஜீப்பு ஓட்டுகிறான் என்று கேட்கிறாயா. என் குரல் குரூப்பில் போன பிறகு அவன் பட்டறைக்கு வண்டி வருவது ஒவ்வொன்றாக நின்றது. ஆறு மாதத்தில் தகரக் கொட்டகையைப் பிரித்துவிட்டான். அந்த வழியாகப் போகும்போது பிரித்த இடத்தைப் பார்த்து, செய்த வினை என்று நானே மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது விடிவதற்கு முன்னால் ஜீப்பை எடுத்து யாரோ ஒரு முதலாளி தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறான். அவன் இறங்கி வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தான். "மூடியத் தெறந்துராதீங்க, வெந்துரும்" என்றான். பிறகு அம்மாவைப் பார்த்து, "மதினி, நனையாதீங்க, ஜீப்புல ஏறுங்க" என்றான். மறுநாள் லாரி வைத்துக் காரை அவன் வீட்டுக்கே இறக்கினான். நானாகக் கேட்கவில்லை, கேட்க எனக்கு முகம் இல்லை.

எஞ்சின் ஹெட்டைக் கழற்றிச் சமப்படுத்தக் கொடுத்தான். எதனால் இப்படிக் கொதித்தது என்று கேட்டான், முதல் கியரிலேயே ஏறிய கதையைச் சொன்னேன். கியர்ப்பெட்டியை இறக்கினான். ஆயிலை வடித்தபோது அடியில் இருக்கும் காந்தத் திருகில் இரும்புத் தூள் முள்ளம்பன்றி மாதிரி அப்பியிருந்தது, கூடவே அரிசியளவில் இரண்டு துண்டுகள். பழைய பேப்பரை விரித்து எல்லாவற்றையும் பரப்பினான். இரண்டாம் கியரில் இரண்டு பல் மூளியாக இருந்தது, கியர் பதமாக விழுவதற்காக இருக்கிற பித்தளை வளையம் கீறியிருந்தது. இதெல்லாம் ஆயில் சரியில்லாததால் வந்ததா மாரி என்று அப்போதும் கேட்டேன் பார், அதுதான் என் புத்தி. "ஆயிலுனால பல்லு தேயும்ணே, ஒடையாது. வேகமா ஓடுற வண்டியில ரெண்டாம் கியர அடிச்சுப் போட்டாத்தான் இப்பிடி ஒடையும்" என்றான். யார் அடித்துப் போட்டது என்று அவன் சொல்லவில்லை. அந்த வண்டியை என்னைத் தவிர ஓட்டியவன் ஒருத்தன்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். சோறு வடித்துக்கொண்டிருந்தவள் பானையை அப்படியே வைத்துவிட்டு நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள். உன் லீவின் கடைசியில் ஒரு நாள் நான் தேவாரத்தில் ஒரு கேதத்துக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன், நீ அம்மாவையும் நிலாவையும் கூட்டிக்கொண்டு பூப்பாறை போய்விட்டு வந்தாய். இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டிருக்கிறாய். வளைவில் பிரேக் கல் மாதிரி இறுகி மிதிபடவில்லை என்றதும் பயந்துபோய், கிளட்சை மிதித்தாயோ இல்லையோ, இரண்டாம் கியரைக் குத்தித் தள்ளியிருக்கிறாய். வண்டி அலறிக்கொண்டு போய்க் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றிருக்கிறது. நிலாவின் நெற்றி முன்சீட்டில் இடித்துப் புடைத்துவிட்டது, என்னிடமும் முனீஸ்வரியிடமும் தோட்டத்தில் விழுந்துவிட்டாள் என்று சொன்னாய். குழந்தைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தாய், அம்மாவின் கையை எடுத்து உன் தலையில் வைத்து, அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாய். பதினாறு மாதம் அவள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தது எதற்கென்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. மாரி கொட்டகையைப் பிரித்த அன்றைக்கு அவள் சாப்பிடாமல் படுத்ததைக் காய்ச்சல் என்று நினைத்தேன். இப்போது சத்தியத்தை மீறிவிட்டோமே, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தினமும் கோயிலுக்கு நடக்கிறாள். பெற்றவளை இப்படியா மாட்டிவிடுவாய்.

இதில் என் பங்கும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இறக்கத்துக்கு எதற்கு டீசல், அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வா என்று ஜீப்பு ஓட்டிய காலத்தில் உனக்குச் சொன்னவன் நான்தான். எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் அப்படித்தான் இறங்குவோம், அதில் ஒரு பெருமை வேறு. அந்தப் பழைய ஜீப்பின் பிரேக் எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், காரில் எஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணை போய்விடும், இதை நான் உனக்குச் சொல்லவில்லை, எனக்கே அவ்வளவாகத் தோன்றவில்லை. மாரி ஒருத்தன்தான் "ஏறுன கியர்லயே எறங்குங்கடா" என்று கத்துவான், நாங்கள் சிரிப்போம். ஆகவே பல் உடைந்ததற்கு உன்னை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடைந்தது இரும்பு, மாற்றிக்கொள்ளலாம். பயத்தில் யாருக்கும் கை தவறும். அன்றைக்குச் சாயங்காலமே, அப்பா தப்பு பண்ணிட்டேன் என்று நீ சொல்லியிருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன், அல்லது அதுகூட விட்டிருக்க மாட்டேன். மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பாவமும் அறியாத மனுஷன் மேல் கையை நீட்டினாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. உனக்கு நாங்கள் என்ன குறை வைத்தோம் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.

முந்தாநாள் மாரி வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். உனக்கு இது எப்போது தெரியும் என்று கேட்டேன். நீங்கள் அன்றைக்குப் பட்டறை வாசலில் வண்டியைத் திருப்பியபோது சத்தத்திலேயே தெரியும், அதற்கு முந்தின வாரம் வண்டி யார் கையில் இருந்தது என்பதும் தெரியும் என்றான். ஏனப்பா சொல்லவில்லை என்றேன். "சொன்னா ரெண்டுல ஒண்ணுண்ணே. நீங்க நம்பலைன்னா எனக்கு இன்னும் அசிங்கம். நம்பிட்டா ஒங்களுக்கு மகென் இல்லாமப் போயிருவான்" என்றான். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "தம்பிகிட்ட எதும் கேட்டுக்கிறாதீங்க, தூரதேசத்துல கெடக்குற புள்ள, மனசு ஒடஞ்சு போயிரும்" என்றான். நீ அவன் கொட்டகையைப் பிரிக்க வைத்தாய், அவன் உன் மனசு உடைந்துவிடுமே என்று பார்க்கிறான். திரும்பப் பட்டறை போடு, எல்லோரையும் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன், "ஜீப்புச் சோலி பழகிருச்சுண்ணே" என்று மட்டும் சொன்னான். நேற்று ஸ்டாண்டில் எல்லோரையும் நிறுத்தி மாரி மேல் தப்பு இல்லை, தப்பு என் வீட்டில்தான் என்று சொன்னேன், குரூப்பிலும் என் குரலிலேயே போட்டேன், செயலாளர் பொறுப்பை வேறு ஆளுக்கு விட்டுவிட்டேன். உன் பெயரை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ.

அங்கே வெயில் கடுமை என்கிறார்கள், தண்ணீர் நிறையக் குடி, மருமகளை நன்றாக வைத்துக்கொள், அவளிடமாவது பொய் சொல்லாதே. பிறக்கப் போகிற பிள்ளை நல்லபடியாகப் பிறந்து நூறு வயசு இருக்கட்டும், நீயும் நன்றாக இருக்க வேண்டும், மனசு எப்படிக் கசந்தாலும் பெற்றவன் வாயில் அதுதான் வருகிறது. மறந்துவிடாமல் ஒன்று செய். மாரீஸ்வரனின் நம்பர் மாறவில்லை, அவன் மலையிலிருந்து இறங்கி வீடு சேர ஆறு மணி ஆகும், உனக்கு அங்கே நாலரை. அவனைக் கூப்பிட்டு, நடந்ததை உன் வாயால் சொல்லி மன்னிப்புக் கேள், பிறகு ஸ்டாண்டு குரூப்பில் உன் பெயரைச் சொல்லி உன் குரலில் போடு. அதற்கு முன்னால் வீட்டுக்குப் போன் போடாதே. நான் எடுக்க மாட்டேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள், நானும் எடுக்க மாட்டேன் என்று எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜக்கையன்