யாரும் கை தூக்காத கூட்டம்

எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் வந்திருக்கிறது என்று வகுப்பு வாத்தியாரான எனக்கு முன்பே கண்டுபிடித்துவிடும் என் பாக்கியம் அக்காவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. வருகிற வெள்ளிக்கிழமை சமுதாயக் கூடத்தில் மறுபடியும் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கிறார்கள். முதியோர் உதவித்தொகை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்ற விதியை இன்னும் இறுக்கப் போகிறார்களாம். போன முறை வெளிநாட்டில் மகன் இருப்பவர்களை நீக்கினார்கள். இந்த முறை திருப்பூரிலும் சென்னையிலும் மகன் வேலை பார்த்தாலே போதும். 'பொதுமக்கள் தங்கள் கருத்துகளைத் தாராளமாகத் தெரிவிக்கலாம்' என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். தாராளமாக என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு வாய் கசந்தது.

போன கூட்டம் உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. தாலுக்கா ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி நல்ல மாதிரி. கெட்டவராக இருந்திருந்தால் இன்று எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஓய்வுபெற்ற வாத்தியார் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டு, புதிய விதியை வாசிக்கச் சொன்னார். "மகன் வெளிநாட்டில இருந்தும் கவனிக்கலைன்னா சொல்லச் சொல்லுங்க சார். அவங்களுக்கு மட்டும் விதிவிலக்கு கேட்டு எழுதிடலாம்" என்றார். நான் மைக்கைப் பிடித்து, "அப்படி யாராவது இருந்தா கையைத் தூக்குங்க" என்றேன்.

உங்கள் மகன் குவைத்துக்குப் போனவன், ஆறு வருடமாக ஒரு கடிதம், ஒரு போன் இல்லை. அது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் சிநேகிதி ஜெய்னம்பு உங்கள் விலாவில் இடித்தார்.

"ஏன் பாக்கியம், தூக்கேன். கை வலிக்குதா?"

"எனக்கென்னடி வலி? உனக்குத்தான் துபாயில ரெண்டு புள்ளை. நீ ரெண்டு கையையும் தூக்கு."

சனம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் நீங்கள் எழுந்து, "எம் புள்ளை என்னை ராணி மாதிரி வச்சிருக்கான். எழுதிக்குங்க சார்" என்றீர்கள். அதற்குப் பிறகு எந்தத் தாய் கை தூக்குவாள்? உங்கள் மகனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெற்றவளே சபையில் குறை சொன்ன பையனுக்கு ஒரத்தநாட்டைச் சுற்றி எவன் பெண் கொடுப்பான்? உங்கள் கணக்கு அது. நான் நோட்டில், 'விதிவிலக்கு கோருபவர்: ஒருவரும் இல்லை' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருப்பதாக அதிகாரி சொன்னார்.

அக்கா, முப்பத்து நான்கு வருடம் வகுப்பெடுத்தவன் நான். புரியாதவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டால் ஒரு பிள்ளையும் தூக்காது. அதனால் பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, காதோரமாகக் கேட்பேன். பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுத்த அந்த மரியாதையை எழுபது வயதுக்காரியான உங்களுக்கு ஏன் கொடுக்காமல் போனேன்?

உதவித்தொகை நின்றது. மணியார்டர் கொண்டுவரும் தபால்காரர் உங்கள் வாசலைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கப் பழகினார். பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் சமைத்தும், நீங்கள் பதிவேட்டில் பெயர் இல்லாத தினக்கூலி. வேறு ஓய்வூதியமும் கிடையாது. நான் ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தேன். 'என் மகன் என்னைக் கைவிட்டுவிட்டதால்' என்ற இடத்தை வாசித்ததும், மையில் தொட்ட விரலை இழுத்துக்கொண்டீர்கள்.

"அந்த வரியை அடிச்சிட்டு எழுதுங்க சார்."

"அதை அடிச்சா மனுவுல என்னக்கா இருக்கு?"

"எனக்கு வயசாச்சு, முடியலைன்னு இருக்கட்டும்."

"விதி அதைக் கேக்கலையே."

"அதைக் கேக்காத விதிக்கு, நான் ஏன் எம் புள்ளையைக் காட்டிக்கொடுக்கணும்?"

மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். என் வீட்டிலிருந்து அனுப்பிய சாப்பாட்டை, "சாப்பிட்டாச்சுன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பினீர்கள். கார்த்திகை மழையில் சம்பா வயலில் களை எடுக்கப் போனீர்கள். சளி நெஞ்சில் இறங்கியது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோகக் கார் பிடித்து நான் வருவதற்குள் முடிந்துவிட்டது.

உங்கள் மகன் வரவில்லை, லீவு கிடைக்கவில்லையாம். கூட்டாளிகளிடம் போனிலேயே சொல்லி பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைத்தான். ஆள் உயரத்துக்கு நீங்கள், கீழே கறுப்புக் கண்ணாடி போட்டு அவன். அங்கே அவன் நிலைமை என்னவோ, எனக்குத் தெரியாது. அவனும் என் வகுப்பில் கை தூக்காத பிள்ளைதான். ஆனாலும் அந்தப் பக்கம் பஸ் ஏறாமல் ஒரு மாதம் சுற்றிப் போனேன்.

இப்போது வேறொரு அதிகாரி. நேரில் போய், ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று கெஞ்சினேன். "கூட்டம்னா எல்லார் முன்னாடியும்தான் சார் கேக்கணும். தனியாக் கேட்டா நாளைக்கு எங்களைத்தான் குத்தம் சொல்லுவாங்க" என்றார். வீடு வீடாகப் போனேன். தனியாகக் கேட்டால் எல்லாரும் சொல்கிறார்கள், அழுகிறார்கள். சபையில் சொல்வீர்களா என்றால் கதவைச் சாத்துகிறார்கள்.

ஜெய்னம்பு மட்டும் சாத்தவில்லை. "மொத கையைத் தூக்குறதுதான் சார் கஷ்டம். அந்த மொத கை செத்தவ கையா இருந்துட்டுப் போவட்டும். நீங்க பாக்கியத்தைச் சொல்லுங்க, எம் புள்ளைங்க ரெண்டையும் சொல்ல நான் எழுந்திரிக்கிறேன்" என்றார். சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அதனால் அக்கா, வெள்ளிக்கிழமை நான் மேடை ஏற மாட்டேன். கீழே பாயில் உட்கார்ந்திருப்பேன். கவனிக்காத மகன் யாருக்காவது உண்டா என்று கேட்கும்போது கையைத் தூக்கி, 'பாக்கியத்தை அவள் மகன் சேகர் பார்க்கவில்லை. ஒருவரும் இல்லை என்று எழுதியது நான்' என்று சொல்வேன். நீங்கள் பட்டினி கிடந்து காப்பாற்றிய பெயரை ஊர் கூடிய இடத்தில் போட்டு உடைப்பேன். என்னை மன்னிக்க வேண்டாம். ஜெய்னம்பு எழுந்திருக்கும்வரை நான் கையை இறக்க மாட்டேன். இது சத்தியம்.

கடைசிவரை நீங்கள் சார் என்றே கூப்பிட்ட,
உங்கள் கூடப் பிறக்காத தம்பி.